பொங்கல் லீவு முடிஞ்சு ஊட்டி ஆபீஸுக்குத் திரும்பியாச்சு, புது வேலையில் மனசு ஒட்டல. அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க

வைகைக்கரைப் பெண் | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, டிசம்பர் மாசம் ஊட்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளரா சேர்ந்தேன். சொந்த ஊர் பரமக்குடி பக்கம். சேர்ந்த கையோட கிறிஸ்துமஸ், புத்தாண்டு, படுகர்களோட ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை, அப்புறம் பொங்கல்னு வரிசையா வந்துடுச்சு. வேலை என்னன்னு பிடிபடறதுக்குள்ள மூட்டை கட்டி ஊருக்குப் போயிட்டேன். இன்னைக்குத்தான் திரும்ப சீட்ல உட்கார்ந்தேன்.

லீவுக்கு முன்னாடி எல்லாரும் "புதுசா வந்த பொண்ணு"ன்னு அன்பா பார்த்தாங்க. யாரும் வேலை கேட்கல. இன்னைக்குக் காலையில கண்காணிப்பாளர் பீரோ சாவியைக் கையில் கொடுத்து, "இனி இந்த சீட்டு உங்க பொறுப்பும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த சீட்டுக்கு ரொம்ப நாளா ஆள் இல்லை. பக்கத்து சீட்டு அண்ணன்தான் கூடுதலா பார்த்துட்டு இருந்தார். பீரோவைத் திறந்தா மேல் தட்டு முழுக்கப் பிரிக்காத தபால். கீழ் தட்டுல நூல் கட்டின கோப்புகள், சிலதுல மேலட்டை கூட இல்லை. எதைத் தொடறதுன்னு தெரியாம மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு கோப்பைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் அவங்கவங்க கூட்டம் இருக்கு. 5.45க்கு வெளியே வந்தா கொஞ்ச நேரத்துலயே இருட்டு, குளிரு. அறைக்கு வந்தா தலையணை கூட ஈரமா இருக்கு. அம்மா போன் பண்ணினப்ப தொண்டை அடைச்சுது, "சிக்னல் இல்லம்மா"ன்னு வச்சுட்டேன்.

எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? மாறுதல் கேட்கலாமா?

மேட்டுப்பாளையத்தான் | திங்கள், இரவு 9.48

வணக்கம்ங்க. மலை எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க, உள்ளதைச் சொல்றேன். தெக்கத்திச் சீமையில வெயில்ல வளர்ந்தவங்க ஜனவரியில ஊட்டிக்கு வந்தா உடம்பு முரண்டு பிடிக்கும். இப்பவே மாறுதலுக்கு எழுதிப் போட்டு வைங்க. அதுவரைக்கும் வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஊருக்குப் போயிடுங்க. மனசு தெம்பா இருக்கும்.

குன்னூர் பெரியவர் | திங்கள், இரவு 10.35

அம்மா, நான் வருவாய்த்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி சொன்னதை நான் ஏற்கவில்லை. லீவு முடிந்து வந்த முதல் வாரத்தில் மாறுதல், ராஜினாமா என்று எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஊர் நினைப்பு நெஞ்சில் பச்சையாக இருக்கும்போது எந்த அலுவலகமும் நரகமாகத்தான் தெரியும். அதோடு, உங்களுக்குத் தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணியில் இருந்திருக்க வேண்டும். அதை முடிக்காமல் மாறுதல் பற்றிப் பேசிப் பயனில்லை.

இப்போது பீரோவுக்கு வருவோம். உங்கள் கவலையில் பாதிக்கு மேல் அந்தப் பீரோதான் என்று எனக்குப் படுகிறது. குளிரும் தனிமையும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நாளைக்குப் போனதும் கோப்பைப் படிக்காதீர்கள். தன்பதிவேட்டை, அதாவது உங்கள் சீட்டுக்கு வரும் தாள்களைப் பதியும் ஏட்டை, எடுங்கள். உங்கள் அலுவலகம் இ-ஆபீஸுக்கு மாறியிருந்தாலும் பழைய தாள்களுக்குப் பதிவேடு இருக்கும். பிரிக்காத தபால் எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு தாளும் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறாதவற்றுக்கு எண் வாங்கி ஏற்றுங்கள். படிக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலே பயம் பாதி இறங்கிவிடும்.

அடுத்ததாகத் தாள்களை அவசரத்தைப் பார்த்து வகைப்படுத்துங்கள். நீதிமன்றத்திலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கண்காணிப்பாளர் மேசைக்குப் போக வேண்டும், அதில் உங்கள் யோசனைக்கே இடமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த மனுவுக்கு 30 நாள்தான் கெடு. 2005லிருந்து இருக்கும் சட்டம், ஆனாலும் பண்டிகை மாதத்தில் தவறிப்போவது இதுதான். மனு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதி முத்திரையைப் பாருங்கள், நீங்கள் உறையைப் பிரித்த தேதி கணக்கில் வராது. அதற்கடுத்து முதலமைச்சரின் தனிப்பிரிவிலிருந்து வந்தவை, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தவை. இவற்றுக்குப் பின்னால் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் காத்திருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிய பாட்டிக்கு உங்கள் சீட்டில் ஆள் இல்லை என்பது தெரியாது.

மீதியில் நிறையத் தாள் வெறும் தகவலுக்காக வந்தவையாக இருக்கும். அவற்றை முடித்துவிடலாம். எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று எந்த வகையில் முடிப்பது என்பதைப் பக்கத்து சீட்டு அண்ணனிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால்தான் "இது கூடத் தெரியாதா" என்பார்கள். இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் பொறுப்பேற்ற தேதியில் என்னென்ன நிலுவை இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டு, கண்காணிப்பாளரிடம் குறிப்பு வைத்துச் சுருக்கொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தாமதம் உங்கள் தலையில் விடியாமல் இருக்க அதுதான் காப்பு.

பனிக்கால அக்கா | திங்கள், இரவு 11.02

பெரியவர் ஆபீஸைப் பார்த்துக்கிட்டார், நான் அறையைப் பார்க்கிறேன். நானும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பிங்கர்போஸ்ட்ல குடியிருக்கிறவதான்.

முதல்ல முக்கியமானது. குளிருக்காக அறைக்குள்ள கரி அடுப்போ, தணல் சட்டியோ வச்சுட்டுத் தூங்கவே தூங்காதீங்க. கதவு ஜன்னல் சாத்தின அறையில கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் இப்படி உயிர் போன செய்தி வந்திருக்கு. குளியலறையில கேஸ் கீசர் இருந்தா, காத்து போக வழி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும். வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் ஜன்னலை அட்டை வச்சு அடைக்காதீங்க.

தலையணை ஈரம்னு சொன்னீங்க. லீவுக்குப் போறப்ப அறையைப் பூட்டிட்டுப் போனா எல்லாருக்கும் இப்படித்தான். மெத்தையைச் சுவரை ஒட்டிப் போடாதீங்க, ஒரு சாண் தள்ளிப் போடுங்க. பகல்ல வெயில் நல்லாவே அடிக்கும். ஜனவரியில ராத்திரி உறைபனி விழுந்தாலும் காலையில பத்து மணிக்கு மேல வெயில் சுள்ளுனு இருக்கும். சனி ஞாயிறு ரஜாய், தலையணை எல்லாத்தையும் வெளியே போட்டு, மூணு மணிக்கு முன்னாடியே உள்ளே எடுத்துடுங்க. நாலு மணி ஆயிடுச்சுன்னா திரும்ப ஈரம் பிடிச்சுக்கும்.

சமைக்கிறீங்களா, மெஸ்ஸா? சமைச்சா பிரஷர் குக்கர் இல்லாம முடியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணி சுமார் 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும். அதனால திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு மணிக்கணக்கா கிடக்கும், மசியாது. ஊர்ல மூணு விசில்னா இங்கே ரெண்டு விசில் கூட வைங்க.

இட்லி மாவு ஒரு ராத்திரியில பொங்காது. நான் சனிக்கிழமை காலையிலயே அரைச்சு, வெந்தயம் கொஞ்சம் கூடப் போட்டு, கையால நல்லா கலக்கிடுவேன். பாத்திரத்தைப் பழைய கம்பளியில சுத்தி ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு, பக்கத்துல சுடுதண்ணி ஊத்தின தூக்குவாளியையும் வச்சு மூடிடுவேன். ராத்திரி படுக்கப் போறப்ப தூக்குவாளித் தண்ணியை மாத்தணும். ஞாயிறு காலையில மாவு மேல குமிழி விட்டு, விரலால தொட்டா மெத்துன்னு இருக்கும். முதல் தடவை அது பொங்கினப்ப எங்க அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். சின்ன விஷயம்தான், ஆனா அந்த ஞாயித்துக்கிழமை இட்லிதான் எனக்கு இந்த ஊர்ல முதல் பிடிப்பு.

கொடைக்கானல் காசாளர் | செவ்வாய், காலை 7.20

வாரா வாரம் ஊருக்குப் போறதைப் பத்தி நான் கொஞ்சம் பேசணும். நான் கொடைக்கானல்ல ஒரு வங்கியில இருக்கேன், வீடு உசிலம்பட்டி. வத்தலக்குண்டு வழியா இறங்கினா அரை நாள்ல வீடு. அதனால எனக்குப் போயிட்டு வர்றது பாரமில்ல. உங்க நிலைமை வேற. ஊட்டியில இருந்து கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுல இறங்கி, அங்கிருந்து சிங்காநல்லூர் போய் மதுரை பஸ் பிடிச்சு, மதுரையில மாறிப் பரமக்குடி. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. திங்கக்கிழமை காலையில மலைப்பாதையில தலைசுத்தலோட ஏறி அப்படியே சீட்ல உட்காரணும். வாரம் முழுக்க அந்த அசதி போகாது.

எங்க கிளையில ஒரு தம்பி இப்படித்தான் முதல் வருஷம் பூரா ஓடினான். திங்கள் வந்தா வெள்ளியை எண்ணுவான். பக்கத்து வீட்ல யாரு இருக்காங்கன்னு கூட அவனுக்குத் தெரியாது. வேலை கெட்டிக்காரத்தனமா செய்வான், ஆனா ஒரு நாள் கூட அவன் இங்கே குடியிருக்கல.

மாசம் ஒரு தடவை போங்க. போற தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு, அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. எப்ப வருவேன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தா போன்ல அழுகை வராது. ரயில்ல போறதா இருந்தா முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும். தீபாவளி, பொங்கலுக்கு அந்தத் தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க.

மேட்டுப்பாளையத்தான் | செவ்வாய், காலை 8.05

கொடைக்கானல் அண்ணன் சொல்றது நியாயந்தானுங்க. நான் மேட்டுப்பாளையத்துல இருந்து தினமும் குன்னூர் போய் வர்றவன், ராத்திரி வீட்டுச் சாப்பாடு சாப்பிடறவன். அந்தக் கண்ணோட பார்த்துச் சொல்லிட்டேன். ஆனா மாறுதலே கேட்காதீங்கன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் கேக்கறது அந்தப் பொண்ணோட உரிமை. பெத்தவங்களுக்கு வயசாகும், பார்க்கணும்ல.

ஒரு விவரம் மட்டும் சொல்றேன்ங்க. பொங்கல், மே மாசம் மாதிரி நாள்ல சுற்றுலா வண்டி மொத்தமும் நீங்க திரும்பி வர்ற அதே நேரம் மேல ஏறும். பர்லியாறு தாண்டி வண்டி ஊர்ந்துதான் போகும். லீவு முடியறதுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள மேல ஏறிடணும். கடைசி நாள் ராத்திரின்னு வச்சா, மறுநாள் பத்து மணிக்கு சீட்ல இருக்கறது சந்தேகந்தான். மலை ரயிலை நம்பி ஆபீஸ் கணக்குப் போடாதீங்க, காலையில மேட்டுப்பாளையத்துல ஏறினா ஊட்டி வர உச்சிப்பொழுது ஆயிடும். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிங்க மேல வர்றதுக்கு இ-பாஸ் இருக்குது, ஆனா பஸ்ல வர்றவங்களுக்கு அது வேண்டியதில்லைங்க.

கோத்தகிரி தேயிலைக் கணக்கு | செவ்வாய், இரவு 8.40

நான் அரசு வேலையில் இல்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நானும் இங்கே வந்து ரொம்ப நாளாகவில்லை, அதனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்களுக்கு ஜனவரியில் பனியால் இலை கருகி, வரத்து குறைந்துவிடும். இலை குறைந்தாலும் கணக்கு குறையாது. பொங்கலுக்கு முன்னாலேயே இலைப் பணம் கேட்டு விவசாயிகள் வருவார்கள், பொங்கல் முடிந்ததும் "விலையில் ஏன் இவ்வளவு பிடித்தம்" என்று மறுபடி வருவார்கள். புது ஆள் என்பதால் என்னிடம்தான் முதலில் கேட்பார்கள், நானோ பதில் தெரியாமல் நிற்பேன். லீவு முடிந்து வரும்போது எனக்கு இருந்த பயம் இதுதான்: எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

எனக்கு உதவியது எடைபோடுகிற அண்ணன். காலையில் இலை இறங்கும்போது அலுவலகத்தை விட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். ஈர இலைக்கு எவ்வளவு கழிக்கிறார், முற்றின இலை வந்தால் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து என்ன சொல்கிறார், சாக்கு எடை எப்படிக் கழிகிறது என்பதெல்லாம் அங்கேதான் புரிந்தது. அதற்குப் பிறகு எடைச் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு மூட்டை தெரிந்தது. விவசாயி கேட்டால் சொல்லவும் முடிந்தது. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். தபால் பிரிவிலோ, பதிவறையிலோ, அலுவலக உதவியாளராகவோ இருக்கலாம். பதவியைப் பார்க்காதீர்கள், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

சாப்பாட்டுக் கூட்டம் பற்றி: கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஊரிலிருந்து ஏதாவது கொண்டு வந்திருப்பீர்களே?

வைகைக்கரைப் பெண் | செவ்வாய், இரவு 10.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல.

பெரியவர் ஐயா சொன்ன மாதிரி இன்னைக்குத் தபாலை மட்டும் பிரிச்சேன். மேல் தட்டு முடிஞ்சுது. ஒரு தகவல் உரிமை மனு இருந்தது ஐயா. முத்திரைத் தேதியைப் பார்த்தப்ப கெடு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. உடனே கண்காணிப்பாளர்கிட்ட கொண்டு போனேன். அவர் உட்கார வச்சு, பதில் வரைவு எப்படி எழுதணும், யாருகிட்ட விவரம் கேட்கணும்னு சொல்லிக் கொடுத்தார். நிலுவைப் பட்டியல் கேட்டதுக்குக் கோபப்படுவாரோன்னு நினைச்சேன், "நல்லது, போடுங்க"ன்னு சொன்னார்.

பனிக்கால அக்கா, என்கிட்ட குக்கர் இல்லை. அதான் பருப்பு அப்படி இருந்திருக்கு. எனக்குத்தான் சமைக்கத் தெரியலன்னு நினைச்சுட்டேன். வீட்டுக்காரம்மா கரி அடுப்பு தர்றேன்னு சொல்லியிருந்தாங்க, வேண்டாம்னு சொல்லிடறேன்.

ஒரு சந்தேகம். இந்த வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு எனக்கு எத்தனை நாள்?

குன்னூர் பெரியவர் | புதன், காலை 6.30

காலண்டர் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு. ஆனால் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு அதை எப்படிப் பிரித்துத் தருவார்கள் என்பதை உங்கள் பணியமைப்புப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விடுமுறைகளோடு சேர்த்து எடுக்கும்போது மொத்தம் 10 நாளைத் தாண்டக் கூடாது. தற்செயல் விடுப்பு பணிக்காலமாகவே கருதப்படும், தகுதிகாண் பருவத்தைப் பாதிக்காது. ஈட்டிய விடுப்பு அப்படியல்ல, அந்த அளவுக்குத் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும். உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவித்திருப்பார்கள், அதையும் பார்த்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

மலைப்படி, குளிர்காலப்படி இரண்டும் உங்கள் சம்பளப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளத்தில் விடுபடுவது உண்டு. குளிருக்கென்று அரசு கொடுக்கும் காசு அது, கேட்டு வாங்கி ஒரு நல்ல கம்பளி வாங்குங்கள்.

பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு உத்தரவு வரும். வந்தால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். இப்போது நான் சொன்னதெல்லாம் அங்கே முறையாகக் கற்றுத் தருவார்கள். உங்களைப் போலவே பல மாவட்டத்துப் புது ஆட்கள் ஒன்றாகத் தங்குவார்கள். எனக்கு அங்கே கிடைத்த நண்பர்கள் இன்று வரை போனில் பேசுகிறார்கள்.

ஹட்டிக்காரன் | புதன், இரவு 9.25

நான் இங்கேயே பிறந்து வளர்ந்த படுகன். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்து எங்களுக்கும் ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வருகிறார்கள், ரெண்டு வருஷம் குளிரைத் திட்டுகிறார்கள், மாறுதல் வாங்கிப் போகிறார்கள். எங்கள் பட்டா மாறுதல் கோப்பு மறுபடியும் ஆள் இல்லாத சீட்டில் தூங்குகிறது. இந்தத் தங்கை மேல் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பீரோவைத் திறந்து பிரித்தாரே, அதைப் படித்தபோது உண்மையிலேயே நிறைவாக இருந்தது. அந்தத் தட்டில் எங்கள் ஹட்டி, அதாவது எங்கள் படுகர் ஊர், மனு ஒன்று கூட இருக்கலாம்.

ஹெத்தை பண்டிகைக்கு லீவு கிடைத்ததென்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வருஷம் அன்றைக்கு ஊருக்குப் போகாமல் இருந்தால் கோத்தகிரி பக்கத்துப் பேரகணிக்கு வாங்க. வெள்ளை உடுத்தி ஊர் ஊராக ஜனங்கள் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். உங்கள் ஆபீஸில் படுகர் யாராவது கட்டாயம் இருப்பார்கள், அவர்களிடம் சொன்னால் சந்தோஷமாகக் கூட்டிப் போவார்கள்.

இன்னொன்று, இருட்டின பிறகு தேயிலைத் தோட்டத்துக் குறுக்கு வழியில் தனியாக நடக்க வேண்டாம். காட்டெருமை வரும். பார்த்தால் போட்டோ எடுக்க நிற்காமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வைகைக்கரைப் பெண் | வெள்ளி, இரவு 8.50

இந்த வாரம் முடிஞ்சுது. தகவல் உரிமை மனுவுக்கான வரைவு கையெழுத்துக்குப் போயிடுச்சு. கீழ் தட்டுக் கோப்புகள் இன்னும் அப்படியேதான் இருக்கு, அடுத்த வாரம் தொடறேன். பதிவறையில ஒரு அலுவலக உதவியாளர் அண்ணன் இருக்கார், எந்தக் கோப்பு எந்த ரேக்ல இருக்குன்னு பார்க்காமலே சொல்றார். கோத்தகிரி அண்ணன் சொன்ன ஆள் அவர்தான்.

அம்மா கொடுத்து விட்ட பொரிவிளங்காய் உருண்டையை வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில வச்சேன். பல்லுக்கு பயந்து ரெண்டு பேர் ஒதுங்கினாங்க, மத்தவங்க டப்பாவைக் காலி பண்ணிட்டாங்க. இன்னைக்கு அவங்களே கூப்பிட்டாங்க.

ஹட்டி அண்ணா, பட்டா மனு எதுவும் என் சீட்ல வராது, வேற பிரிவு. ஆனா நீங்க சொன்னதை மனசுல வச்சுக்கிறேன். மாறுதல் பத்தி ரெண்டு வருஷம் கழிச்சு யோசிக்கிறேன். இப்பவும் ஊர் ஞாபகம் வருது, ராத்திரி கஷ்டமாத்தான் இருக்கு. பிப்ரவரியில போற தேதியை அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அக்கா, மூணு லிட்டர் குக்கர் எங்கே வாங்கினா விலை சரியா இருக்கும்?

பனிக்கால அக்கா | வெள்ளி, இரவு 9.15

ஒருத்திக்கு மூணு லிட்டர் போதும்மா. மார்க்கெட் உள்ளே பாத்திரக் கடைங்க இருக்கு, அங்கேயே வாங்கிடலாம். கூடவே ஒரு உபரி கேஸ்கட்டும் வாங்கிக்குங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு நானும் காய் வாங்க வர்றேன். தனிச்செய்தியில நம்பர் அனுப்புங்க, சேரிங்கிராஸ்ல இருந்து சேர்ந்தே போகலாம். உளுந்து ஊற வைக்கிறதை இந்த வாரம் விட்டுடுங்க, நான் அரைச்ச மாவுல பாதி தர்றேன்.